விண்டோஸ் 11க்குள் லினக்ஸ் மின்ட்: விர்ச்சுவல் மெஷின் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

தேன்சிட்டு:

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் பழக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது, வேலை முழுக்க அதில்தான், அதனால் அதில் கை வைக்காமல் ஓரமாக லினக்ஸை ஓடவிட்டுப் பழகலாம் என்று ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றைத் தனிக் கணினி (விர்ச்சுவல் மெஷின்) போல ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை இறக்கி, அதில் லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் பதிப்பைப் போட்டேன். போட்டு முடிக்கவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சரி, முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதன் பிறகும் மாறவில்லை. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து சேர நான்கு நிமிடம் ஆகிறது. மெனுவைத் தட்டினால் பாதி விரிந்து நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதி வருகிறது. டெர்மினலில் ஓர் எழுத்தைத் தட்டி அது திரையில் விழுவதற்குள் அடுத்த மூன்று எழுத்துகளைத் தட்டிவிடுகிறேன். உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் வீடியோ ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இல்லாமல் ஓடுகிறது, டிரைவரைப் பாருங்கள் என்று ஓர் அறிவிப்பு வேறு வருகிறது.

லேப்டாப் விவரம்: நான்கு கோர் இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் ஹோம் எடிஷன். விர்ச்சுவல் மெஷினுக்கு 6 ஜிபி ரேமும் நான்கு கோரும் கொடுத்திருக்கிறேன், குறை வைக்கவில்லை. இருந்தும் அது ஓடும்போது விண்டோஸும் சேர்ந்து திணறுகிறது. பிரவுசரில் டேப் மாற்றினாலே ஃபேன் சத்தம் போடுகிறது.

இதற்கு மேல் ரேம் கூட்டினால்தான் வழியா? இல்லை, விர்ச்சுவல் மெஷின் என்றாலே இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மதர்போர்டு:

விர்ச்சுவல் மெஷின் என்றாலே இப்படி இல்லை. உங்கள் லேப்டாப்பில் மின்ட் நன்றாகவே ஓடவேண்டும். இதைவிடப் பழைய கணினியில் தினமும் ஓட்டுகிறேன், டெர்மினலில் எழுத்து பின்தங்குவது என்பதெல்லாம் வரவே கூடாது.

முதலில் ஒன்று பாருங்கள். மின்ட் ஓடும் ஜன்னலின் கீழே, வலது ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஐகான்கள் இருக்கும்: டிஸ்க், நெட்வொர்க், யூஎஸ்பி, இப்படி. அந்த வரிசையில் பச்சை நிறத்தில் ஓர் ஆமை படம் இருக்கிறதா? கண்ணை நன்றாகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், ரொம்பச் சின்னது. சாதாரணமாக அந்த இடத்தில் ஒரு சிப் படமும் அதில் வி என்ற எழுத்தும் இருக்கும். ஆமை இருந்தால் பிரச்சினை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். ஒரு இயங்குதளம் தன்னை இந்தக் கணினிக்கே முதலாளி என்று நினைத்துக்கொண்டுதான் ஓடும், நினைவகம், டிஸ்க், பிராசசர் எல்லாவற்றுக்கும் நேராக ஆணை போடும். அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே பிராசசரில் உட்காரவைக்க வேண்டுமானால், உள்ளே இருப்பவர் போடும் சில ஆணைகளை மட்டும் நடுவில் ஒருவர் மறித்துக் கையாள வேண்டும். ஐபிஎம் பெருங்கணினிகளில் இது 1960களிலேயே இருந்தது, 1972ல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே வந்தது. ஆனால் நம் வீட்டுக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 பிராசசர் இதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல, மறிக்க வேண்டிய சில ஆணைகள் மறிக்க முடியாதபடி சத்தமில்லாமல் நழுவிவிடும். 1999ல் விஎம்வேர் வந்தபோது அந்த ஆணைகளை ஓட ஓட மென்பொருளிலேயே மாற்றி எழுதித்தான் சமாளித்தார்கள். பிறகு 2005ல் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியைப் பிராசசருக்குள்ளேயே வைத்தது, அடுத்த ஆண்டு ஏஎம்டியும் ஏஎம்டி-வி கொண்டுவந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1ல் அந்தப் பழைய மென்பொருள் வழியை எடுத்தே விட்டார்கள், இப்போது பிராசசரின் இந்த வசதி இல்லாமல் அது நகராது.

இங்கேதான் உங்கள் சிக்கல் இருக்கிறது. விண்டோஸுக்குள் ஹைப்பர்-வி என்று சொந்தமாக ஒரு ஹைப்பர்வைசர், அதாவது நான் மேலே சொன்ன அந்த நடுவில் மறிப்பவர், இருக்கிறது. அது விழித்திருந்தால் விடி-எக்ஸை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸே அதன் மேல்தான் ஓடும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேராகத் தொட முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஹைப்பர்-வியிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஆமை. மெஷின் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே நத்தை என்று எழுதியிருக்கும், ஸ்னெயில் எக்சிக்யூஷன் மோட் என்று தேடுங்கள்.

நான் ஹைப்பர்-வியை ஆன் செய்யவே இல்லையே, ஹோம் எடிஷனில் அது கிடையாதே என்பீர்கள். ஹோமில் இல்லாதது ஹைப்பர்-வி மேனேஜர்தான், அடியில் இருக்கும் எஞ்சின் அதிலும் உண்டு. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் வசதி) போட்டிருந்தாலோ, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் டிக் ஆகியிருந்தாலோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருந்தாலோ அது விழித்துக்கொள்ளும். இந்தக் கடைசியானது புதிதாகப் போட்ட விண்டோஸ் 11ல் பெரும்பாலும் ஆனிலேயேதான் வரும்.

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 கொடுத்து, வரும் பட்டியலில் கடைசிப் பக்கம் விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி என்ற வரிக்கு எதிரே ரன்னிங் என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேமைக் கூட்டாதீர்கள், அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.


தேன்சிட்டு:

ஆமை இருக்கிறது! இரண்டு வாரமாக அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. எம்எஸ்இன்ஃபோவிலும் ரன்னிங் என்றுதான் வருகிறது. மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் நான் போடவில்லை. அப்போது மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்துவிடலாமா? அலுவலகக் கோப்புகள் இருக்கும் கணினி என்பதால் தயக்கமாக இருக்கிறது.


நீலவானம்:

தயங்குவது சரிதான், அவசரப்பட வேண்டாம். மெமரி இன்டெக்ரிட்டி சும்மா இருக்கும் ஒன்றல்ல. தீங்கான டிரைவர் ஏதாவது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நுழையப் பார்த்தால், அதன் நிரலைச் சரிபார்க்கும் வேலையை ஹைப்பர்வைசரின் காவலில் தனியாக ஓரிடத்தில் வைத்துச் செய்கிறது. கெர்னலே வீழ்ந்தாலும் அந்த இடத்தைத் தொட முடியாது. அலுவலகக் கணினியில் அதை அணைப்பதை நான் ஒருபோதும் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் கேட்காமல் தொடவே கூடாது.

அதோடு, டெஸ்க்டாப் வர நான்கு நிமிடம் ஆவதற்கு ஆமை ஒன்று மட்டுமே காரணமாக இருக்காது என்பது என் கருத்து. ஆமையோடும் ஓட்டியிருக்கிறேன், வேகம் குறையும், ஆனால் எழுத்து விழாத அளவுக்கு இல்லை. நீங்கள் சொன்னதில் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, 8 ஜிபியில் 6 ஜிபியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். மிச்சம் 2 ஜிபி. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபி. அந்த 2 ஜிபிக்குள் விண்டோஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் நெருக்கியடித்து உட்கார முடியாமல், ரேமில் இருப்பதை எடுத்து டிஸ்க்கில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக விண்டோஸ் அல்லாடிக்கொண்டிருக்கும். உங்கள் மின்ட் ஓடுவது விண்டோஸின் தோளில் உட்கார்ந்துதான். தூக்குபவர் தள்ளாடினால் மேலே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியுமா? செட்டிங்ஸில் ரேம் கோட்டுக்கு அடியில் பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டுவார்கள், நீங்கள் சிவப்புப் பக்கம் போயிருப்பீர்கள். 3 ஜிபியாகக் குறையுங்கள். மின்ட்டுக்குக் குறைந்தது 2, வசதியாக 4 என்று அவர்களே சொல்கிறார்கள், பழகுவதற்கு 3 போதும். கோரும் அப்படித்தான், நான்கையும் கொடுத்தால் கெஸ்ட் (உள்ளே ஓடும் மின்ட்) ஏதாவது கனமான வேலை செய்யும் நேரத்தில் ஹோஸ்டுக்கு (வெளியே இருக்கும் விண்டோஸுக்கு) என்று ஒரு கோர்கூட ஓய்வாக இருக்காது. இரண்டு கொடுங்கள்.

இன்னொன்று, எஸ்எஸ்டி 256, ஹார்டு டிஸ்க் 1 டிபி என்றீர்கள். மின்ட் தன் டிஸ்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த விர்ச்சுவல் டிஸ்க் கோப்பு (விடிஐ) எதில் இருக்கிறது? இடம் நிறைய இருக்கிறதே என்று ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தால், ஆமையைவிட அதுதான் பெரிய காரணம். இயங்குதளம் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்குமிங்குமாகப் படிக்கும். சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு தடவையும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு நொடிக்கு நூறு வாசிப்பைத் தாண்டுவதே கஷ்டம். எஸ்எஸ்டிக்கு அது ஆயிரக்கணக்கில் போகும்.


தேன்சிட்டு:

ஆமாம், டி டிரைவில்தான் வைத்திருக்கிறேன், அது ஹார்டு டிஸ்க்தான். சி-யில் 90 ஜிபி காலியாக இருக்கிறது. விடிஐ கோப்பை கட் செய்து சி-யில் பேஸ்ட் செய்தால் போதுமா?


மதர்போர்டு:

வேண்டாம், கட் பேஸ்ட் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு டிஸ்க் கோப்பும் எங்கே இருக்கிறது என்று தன் பதிவில் குறித்து வைத்திருக்கும், நீங்களாக நகர்த்தினால் அடுத்த முறை திறக்கும்போது கோப்பைக் காணோம் என்று நிற்கும். மெஷினை முழுக்க ஷட் டவுன் செய்துவிட்டு, இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து மூவ் கொடுத்து, சி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், எல்லாவற்றையும் அதுவே சேர்த்து நகர்த்திவிடும். சேவ் ஸ்டேட்டில் விட்டுவிட்டு நகர்த்த வேண்டாம், முழு ஷட் டவுன்.

நீலவானம் சொன்ன டிஸ்க் விஷயத்தை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அது சரியான பிடி. மெமரி இன்டெக்ரிட்டியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. உங்கள் சொந்த லேப்டாப், நம்பிக்கையான இடங்களில் இருந்து மட்டும்தான் மென்பொருள் இறக்குவீர்கள் என்றால் அதை அணைத்துப் பார்ப்பது பெரிய குற்றமல்ல. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் டிஸ்க்கை நகர்த்துங்கள், ரேமையும் கோரையும் குறையுங்கள், ஓட்டிப் பாருங்கள். அதிலேயே போதுமான வேகம் வந்துவிட்டால் ஆமை ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதன் பிறகும் அணைக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸிலோ பூட் அமைப்பிலோ கை வைத்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்க வாய்ப்புண்டு, அந்த நேரத்தில் தேட முடியாது. அப்புறம், மாற்றியதும் ஷட் டவுன் கொடுத்து ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸில் ஷட் டவுன் என்பது கெர்னலைத் தூங்கவைத்து எழுப்புவதுதான், மாற்றம் ஏறாது. நிறையப் பேர் இதில்தான் மாட்டிக்கொண்டு, அணைத்தும் ஆமை போகவில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

அந்த வீடியோ அறிவிப்பு பற்றி: சின்னமன் டெஸ்க்டாப் தன் மெனு, ஜன்னல் எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் சிப்பை நம்பித்தான் வரைகிறது. உங்கள் மெஷினில் 3டி ஆக்சிலரேஷன் டிக் ஆகியிருக்காது, அதனால் அந்த வரையும் வேலை முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கட்டும், வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கி, 3டியை டிக் செய்யுங்கள். திரை கருப்பாக வந்தாலோ மின்னினாலோ டிக்கை எடுத்துவிட்டு, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் விர்ச்சுவல் மெஷினுக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.


கல்தூண்:

இவ்வளவு பாடு எதற்கு? டிஸ்க்கில் ஓர் ஓரத்தைப் பிரித்து டூயல் பூட் போட்டுவிடுங்கள், ஆன் செய்யும்போது விண்டோஸா லினக்ஸா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரேம் முழுக்க, கோர் முழுக்க, கிராஃபிக்ஸ் முழுக்க லினக்ஸுக்கே. ஆமையும் இல்லை, நத்தையும் இல்லை.


நீலவானம்:

கல்தூண், வேகம் மட்டும்தான் கேள்வி என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர் பழக வந்திருக்கிறார், வேலை செய்யும் விண்டோஸைத் தொடக்கூடாது என்பதுதான் அவருடைய முதல் நிபந்தனை. பார்ட்டிஷன் பிரிக்கும் திரையில் ஒரு தவறான டிக் போதும். விர்ச்சுவல் மெஷினில் பார்ட்டிஷனை அழித்துப் பழகலாம், கெர்னலை மாற்றலாம், ரூட்டில் போய் எதையாவது நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம், நடுவில் விண்டோஸில் ஒரு மெயில் வந்தால் பதில் போட்டுவிட்டும் வரலாம். தைரியமாகக் கெடுத்துப் பார்க்க முடிந்தால்தான் இயங்குதளம் கைவசமாகும். டூயல் பூட்டுக்கு ஆறு மாதம் கழித்து அவரே போகட்டும்.


கரும்பலகை:

கெடுத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்ததால் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கெடுத்துப் பார்க்கும் ஆர்வத்தில் ஒரு வருட வேலையை இழந்தவன் நான்.

ஸ்னாப்ஷாட் என்ற வசதி இருக்கிறது. ஏதாவது பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால் ஒன்று எடுத்துக்கொண்டால், கெட்டுப்போனால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம். அருமையான வசதி, நீங்கள் மின்ட்டைச் சரிசெய்து முடித்ததும் முதல் வேலையாக ஒன்று எடுங்கள். எனக்கு அது பழக்கமாகி, எடுத்ததற்கெல்லாம் ஸ்னாப்ஷாட் எடுத்து இருபதுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோய்விட்டது என்று எச்சரிக்கை வந்தது. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். ஸ்னாப்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் அடைப்புக்குறிக்குள் நீள நீளமான எண்ணெழுத்துப் பெயர்களோடு விடிஐ கோப்புகள் வரிசையாக இருந்தன. பழையதெல்லாம் எதற்கு என்று, தேதியைப் பார்த்துக் கீழே இருந்த ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டெலீட் கொடுத்தேன்.

அதோடு முடிந்தது. ஸ்னாப்ஷாட் என்பது முழு நகல் இல்லை. ஒன்று எடுத்த கணமே அதுவரையிலான டிஸ்க் கோப்பு உறைந்துவிடும், அதற்குப் பிறகு எழுதப்படும் மாற்றங்கள் மட்டும் புதுக் கோப்பில் போகும். இரண்டாவது எடுத்தால் அதுவும் உறைந்து மூன்றாவது தொடங்கும். இன்றைய டிஸ்க் என்பது முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை சேர்ந்த சங்கிலி, நடுவில் ஒரு கண்ணியைப் பிடுங்கினால் அதற்கு மேல் உள்ள எல்லாமே அர்த்தமில்லாத வெறும் துண்டுகள். எனக்கு மிஞ்சியது மின்ட் போட்ட அன்று இருந்த நிலைமைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. உள்ளே எழுதி வைத்திருந்த குறிப்புகள், சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள், ஒரு வருட உழைப்பு, எல்லாம் போய்விட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆகவே, ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டுமானால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருந்தே நீக்குங்கள், அது மாற்றங்களை அடுத்த கோப்போடு சேர்த்துவிட்டுத்தான் நீக்கும். சேர்ப்பதற்கே கொஞ்சம் காலி இடம் தேவைப்படும் என்பதால் டிஸ்க் நிரம்பும்வரை விட்டுவைக்காதீர்கள். அப்புறம் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைக்காதீர்கள், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மாதம் ஒரு முறை மெஷினை எக்ஸ்போர்ட் செய்து ஓவிஏ கோப்பாக வேறொரு டிஸ்க்கில் வையுங்கள், எழுதும் கோப்புகளை ஷேர்டு ஃபோல்டர் (இரண்டு பக்கமும் தெரியும் பொது ஃபோல்டர்) வழியாக ஹோஸ்டிலேயே வையுங்கள்.


தேன்சிட்டு:

கரும்பலகை, படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

என் பக்கத்து நிலவரம்: மெஷினை மூவ் கொடுத்து சி-க்குக் கொண்டுவந்தேன், கால் மணி நேரம் ஆனது. ரேம் 3 ஜிபி, கோர் இரண்டு, 3டி டிக், வீடியோ மெமரி 128. மெமரி இன்டெக்ரிட்டியைத் தொடவில்லை. ஆமை அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் டெஸ்க்டாப் ஐம்பது நொடியில் வந்துவிட்டது! மெனு உடனே திறக்கிறது, டெர்மினலில் எழுத்து விரலோடு சேர்ந்தே விழுகிறது, அந்த அறிவிப்பும் போய்விட்டது. விண்டோஸும் அமைதியாக இருக்கிறது. பாதியாகக் குறைத்த பிறகுதான் இரண்டும் மூச்சு விடுகின்றன, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். ஷேர்டு ஃபோல்டர் வைத்தேன், மின்ட்டில் அதைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அப்புறம் விண்டோஸில் தமிழ் விசைப்பலகையை மாற்றி வைத்துவிட்டு மின்ட் ஜன்னலுக்குள் போய்த் தட்டினால் ஆங்கில எழுத்துதான் வருகிறது, ஏன்?


மதர்போர்டு:

ஐம்பது நொடி என்றால் மெமரி இன்டெக்ரிட்டி அப்படியே இருக்கட்டும், நீலவானம் சொன்னதே சரியாகிவிட்டது.

ஷேர்டு ஃபோல்டர்: உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள் இருந்தால்தான் ஃபோல்டரே தெரியும், உங்களுக்குத் தெரிகிறது, ஆக அது இருக்கிறது. அந்த ஃபோல்டர் விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவுக்குச் சொந்தம், உங்கள் பயனர் அந்தக் குழுவில் இல்லை. மின்ட்டில் யூசர்ஸ் அண்டு குரூப்ஸ் திறந்து உங்கள் பெயருக்கு அந்தக் குழுவைச் சேருங்கள். சேர்த்த கையோடு திறந்து பார்க்காதீர்கள், ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால்தான் புதுக் குழு உங்களுக்கு ஒட்டும்.

தமிழ்: மின்ட் ஜன்னலுக்குள் போனதும் நீங்கள் தட்டும் விசை இன்னது என்ற தகவல் மட்டும்தான் உள்ளே போகிறது, அதை எந்த எழுத்தாக ஆக்குவது என்பதை உள்ளே இருக்கும் இயங்குதளமே தீர்மானிக்கும். விண்டோஸின் விசைப்பலகைத் தேர்வுக்கு அங்கே வேலையே இல்லை. மின்ட்டிலேயே எழுத்து உள்ளிடும் மென்பொருளான ஐபஸ், அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் போடுங்கள், தமிழ்99, ஒலியியல் முறை எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒன்று: வலது கன்ட்ரோல் விசை விர்ச்சுவல்பாக்ஸுக்கான ஹோஸ்ட் கீ, உள்ளே மாட்டிய மவுஸை வெளியே எடுக்க, முழுத்திரைக்குப் போக என்று அது எடுத்துக்கொள்ளும். மொழி மாற்றும் குறுக்குவிசையில் வலது கன்ட்ரோலைச் சேர்க்காதீர்கள், உள்ளே போய்ச் சேராது.


வெண்மேகம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எம்1 சிப் மேக் இருக்கிறது. ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளுக்காக விண்டோஸ் 7 ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) வைத்திருக்கிறேன், அதை இதே மாதிரி ஓட்ட முடியுமா?


நீலவானம்:

வெண்மேகம், இதே மாதிரி முடியாது. மேலே மதர்போர்டு விளக்கியது உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதும் ஒரே வகைப் பிராசசர் மொழி பேசும்போது மட்டும்தான். எம்1 பேசுவது ஆர்ம், விண்டோஸ் 7 பேசுவது எக்ஸ்86. நடுவில் ஒருவர் ஒவ்வோர் ஆணையாக மொழிபெயர்க்க வேண்டும், அதற்கு எமுலேஷன் என்று பெயர், கியூஈஎம்யூவை அடியில் வைத்துச் செய்த யூடிஎம் அதைச் செய்யும். ஓடும், ஆனால் பொறுமை வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1ல் ஆப்பிள் சிப்புக்கு ஆதரவு வந்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள், அது ஆர்ம் கெஸ்டுகளுக்கு மட்டும். உங்களுக்கு நல்ல வழி விண்டோஸ் 11ன் ஆர்ம் பதிப்பை விர்ச்சுவல் மெஷினில் போடுவது. பழைய எக்ஸ்86 மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, அதற்கு விண்டோஸ் உரிமம் தனியாக வேண்டும். தனக்கென்று சொந்த டிரைவர் போட்டுக்கொள்ளும் மென்பொருளாக இருந்தால் மட்டும் அங்கேயும் ஓடாது. அது என்ன மென்பொருள் என்று தனிக் கேள்வியாகப் போடுங்கள், விரிவாகப் பார்க்கலாம்.


தேன்சிட்டு:

ஃபோல்டர் திறந்துவிட்டது, லாக் அவுட் செய்யாமல் பத்து நிமிடம் முயன்ற பிறகுதான் நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். இந்தப் பதிவையே மின்ட்டிற்குள் இருந்து தமிழ்99ல்தான் தட்டுகிறேன். ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்தாயிற்று, இதைப் போட்டுவிட்டு மெஷினை ஷட் டவுன் செய்து ஓவிஏவையும் டி டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்யப்போகிறேன்.

கடைசியாக ஒன்று மட்டும். மின்ட்டுக்குள் சோதனைக்காக இறக்கிய 12 ஜிபி கோப்புகளை அழித்துவிட்டேன், மின்ட்டில் இடம் திரும்பிவிட்டது, ஆனால் சி டிரைவில் விடிஐ கோப்பு அதே அளவில்தான் இருக்கிறது. அது தானாகக் குறையாதா?


மதர்போர்டு:

குறையாது. வளரும் வகை டிஸ்க் வளர மட்டும்தான் செய்யும். உள்ளே ஒரு கோப்பை அழித்தால் அந்த இடம் காலி என்று மின்ட்டின் கணக்கில்தான் எழுதப்படும், இடத்தில் பழைய தரவு அப்படியே கிடக்கும், வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது காலி என்று தெரியாது. அதனால் முதலில் உள்ளே காலி இடம் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்ப வேண்டும். மின்ட் ஐஎஸ்ஓவிலிருந்தே மெஷினை லைவாக பூட் செய்து, ஜீரோஃப்ரீ என்ற கருவியைப் போட்டு, மவுண்ட் ஆகாத நிலையில் அந்தப் பார்ட்டிஷன் மேல் ஓட்டுங்கள். பிறகு மெஷினை அணைத்துவிட்டு, விண்டோஸ் பக்கம் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் மாடிஃபைமீடியம் என்பதோடு காம்பாக்ட் கொடுத்தால் பூஜ்ஜியமான பகுதிகளை அது சுருக்கிவிடும். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டீர்கள் அல்லவா, உறைந்த கோப்பு இதனால் சுருங்காது, பூஜ்ஜியங்களை எழுதி எழுதிப் புதுக் கோப்புதான் பெருக்கலாம். ஆகவே ஓவிஏ எக்ஸ்போர்ட் முழுசாக முடிந்ததும், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருந்தே அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிட்டு இதைச் செய்யுங்கள், செய்து முடித்ததும் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.